உப்புத் தண்ணீர்க் குடத்தோடு தென்காசிக்கு

ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் முதலில் குடத்தை ஏற்றினேன். அப்புறம்தான் நான் ஏறினேன்.

பித்தளைக் குடம். வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் சிரட்டையைக் கவிழ்த்து, சணல் போட்டு இறுக்கியிருந்தேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை, சாரல் மூடியிருந்தது. பஸ் நிறையக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். ஊரிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். பிடிக்கிற கம்பி எல்லாம் வழுக்கியது.

கண்டக்டர் குடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது உள்ள?"

"தண்ணி."

"தண்ணியா? எங்க கொண்டு போறிய?"

"தென்காசிக்கு."

"எந்தக் கோயில் தண்ணி?"

"கோயில் தண்ணி இல்ல. எங்கம்மா வீட்டுக் கிணத்துத் தண்ணி. உப்புத் தண்ணி."

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றே பார்த்தார்.

"ஏ தாயி, ஊரு உலகமே குத்தாலத்துத் தண்ணிய இங்கன கொண்டாந்து வச்சுக் குடிக்கு. நீ உப்புத் தண்ணிய அங்கன கொண்டு போறியாக்கும்?"

"அருவிக்கு உப்புக் கொறஞ்சு போச்சாம் பாட்டையா, போட்டுச் சரி பண்ணப் போறா!" என்றான் ஒருத்தன்.

நான் விடுவேனா? "ஆமா, உப்புப் பாக்கத்தான் கொண்டு போறேன். சிரிக்கிறவுக பாவூர்சத்திரம் வரைக்கும் சிரிச்சுக்கிடுங்க. அதுக்கு டிக்கெட் கெடையாது" என்றேன்.

தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் உள்ளே பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேலைக்கு மலையேறுவதாக இருந்தார். ஏறினால் பழையபடி பொங்கலுக்கு ஒரு முறை, ஐப்பசிக்கு ஒரு முறைதான் முகம் பார்க்கலாம். மடியில் இருக்கிற இந்தத் தண்ணீர் அவரை நிறுத்துமா, நிறுத்தாதா? எனக்கு அது ஒன்றுதான் பயம்.

மலையில் இருந்த மனிதர்

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. அருவிக்கரையில் குடியிருக்கிற சாமியின் பெயர். தென்காசிப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் உண்டு. அதோடு விடுங்கள்.

செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக்கும் மேலே, மலைக்குள் ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்து ஆலையில்தான் அவருக்கு வேலை. அட்டை கடிக்கிற இடம், மழை விட்டால் காய்ச்சல் வருகிற இடம். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நான் தென்காசியில் மாமியாரோடு இருந்தேன்.

என் மூத்தவள் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு பொங்கலுக்கு அவர் வந்து வாசலில் நிற்கிறார். இவள் ஓடிவந்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரோ மாமா வந்திருக்கு" என்றாள்.

அவர் கையில் கொண்டுவந்த பொரிகடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். மறு மாதமே வேலையை விட்டுவிட்டு இறங்கினார்.

பலமும் சேரும் போய்க் கிலோ வந்து, கடைக்குக் கடை ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வீட்டின் முன் பாதியைத் தடுத்துத் தேயிலைக் கடை வைத்தார். மலையிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி, தானே ருசி பார்த்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலந்து, டீக்கடைகளுக்குப் போடுவது. அந்தக் கலவைதான் அவர் வித்தை.

என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "காப்பி குடிக்கவன் கணக்கப்பிள்ள, டீ குடிக்கவன் கூலிக்காரன். இதப் போயி வீட்டுக்குள்ள வச்சு விக்கியலே" என்றார். அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படித்தான். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் டீ. நான் கல்யாணத்துக்கு முன்னால் குடித்தது மொத்தம் ஒரு காய்ச்சல் அளவு.

பச்சை சிவக்கிற அறை

நான் வாராவாரம் எழுதுவதைப் படிக்கிற ஒருத்தி சில வாரம் முன்னால் எனக்கு எழுதிக் கேட்டிருந்தாள்: "ஆச்சி, தேயிலைக் கடைக்காரர் வீட்டம்மா என்கிறீர்களே, எந்தத் தூள் நல்ல தூள்?" ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இந்த வாரம் குடத்தில் ஆரம்பித்தேன். இன்னும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை வைக்கும் முன்னால் ஒரு தடவை என்னை அந்த ஆலைக்குக் கூட்டிப்போனார். குகைக்குள் ரயில் போகும்போது மூத்தவள் அழுதாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை யாருக்கும் சொன்னதில்லை.

ஆலையின் மாடி முழுக்கச் சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாகக் கட்டி, அன்று பறித்த கொழுந்தைப் பரப்பியிருந்தார்கள். வாட விடுகிறார்கள். வெற்றிலைக் கடைக்காரன் ஈரச்சாக்கைப் பிரித்தால் ஒரு வாசம் வருமே, அந்த மாதிரி. அவர் ஒரு கை அள்ளி உருண்டை பிடித்து விரித்துக் காட்டினார். உருண்டை அப்படியே நின்றது. "காம்பு ஒடியக் கூடாது, வளையணும். அதான் பக்குவம்" என்றார்.

கீழே ஒரு பெரிய இயந்திரம் அந்த இலையைப் போட்டு முறுக்கியது. நாம் கருவேப்பிலையைக் கசக்குவோம் இல்லையா, அதையே யானை செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

அப்புறம்தான் அந்த அறை. உள்ளே போனால் குளிர்ச்சி. ஜன்னலில் எல்லாம் ஈரத்துணி தொங்குகிறது. சிமெண்டுத் தரையில் முறுக்கின இலையை விரல் கனத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பொடி தூவவில்லை, ஒரு சாயம் ஊற்றவில்லை. எல்லோரும் சும்மா நிற்கிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பச்சை மங்குகிறது. ஓரத்தில் இருந்து ஒரு சிவப்பு ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கப் புதுச் செப்புக் குடத்தின் நிறம். புல் வாசம் போய், பழம் வைத்த அறை வாசம் வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பது போலக் கைகட்டி நின்றேன்.

அவர் குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "இப்பம்" என்றார். உடனே அள்ளிக்கொண்டு போய் அனல் பெட்டியில் போட்டார்கள்.

"கொஞ்சம் முந்துனா பச்ச நெடி அடிக்கும். கொஞ்சம் பிந்துனா சாரமே இருக்காது" என்றார். அந்த 'இப்பம்' எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

வாசலில் இன்னொரு பெட்டி, பச்சை நிறத்திலேயே காய்ந்த இலை. அது வேறு செடி என்று நினைத்தேன்.

"ஒரே செடிதான் வடிவு. பறிச்ச ஒடனே சூடு காட்டிட்டா அப்படியே பச்சையா நின்னுரும். வாட விட்டு, முறுக்கி, செவக்க விட்டா இது."

"ஒரே செடியா!"

"ஒரே செடி. சல்லடையில போட்டா மேல நிக்கது இலை, அடுத்தது குருணை, அடியில விழுகது டஸ்ட்டு. அதுவும் ஒண்ணுதான்."

நெல்லில் சம்பா வேறு, குறுவை வேறு. விதையே வேறு. இங்கே ஒரே இலை. அதைக் காக்க வைத்த நேரமும் கண்ட சூடும்தான் அதன் சாதி. அன்றைக்கு நான் வாய் பிளந்தது இன்னும் முழுசாக மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றும் சொன்னார். உச்சி மலையில் குளிரில் மெல்ல வளர்ந்த தேயிலைக்கு மணம் உண்டு, நிறம் கம்மி. கீழே வெக்கையில் தடதடவென்று வளர்ந்ததற்கு நிறமும் காரமும் உண்டு, மணம் இல்லை. அவருக்கு உச்சித் தேயிலைதான் உயிர். கீழ்மலைத் தேயிலையை, "அது மாட்டுக்குக் காட்டுத தேயிலை" என்பார்.

கெண்டிக்கு நான்தான் காவல்

கடையில் ஒரு மேசை. அதன்மேல் ருசி பார்க்கிற சாமான்கள். பீங்கான் கிண்ணங்கள், வெள்ளைப் பீங்கானில் ஒரு டீக்கெண்டி, சிவப்பு மண்ணில் ஒரு கெண்டி. சீமைக்குப் போய்விட்ட ஒரு துரை வீட்டில் கழித்துப் போட்டவை. என் மாமியார் முதல் நாள் பார்த்துவிட்டு, "இதென்னலே, கெண்டிக்கு மாசம் நெறஞ்சுருக்கு" என்றார்.

அந்தக் கெண்டிகளை என்னிடம் ஒப்படைக்கும்போது அவர் போட்ட சட்டம்: புளி கூடாது, சாம்பல் கூடாது, சீயக்காய் கூடாது, சோப்பு கூடவே கூடாது. வெறும் கொதிதண்ணீர். எங்கள் ஊர்ப் பொம்பளைக்குப் புளி போடாமல் பாத்திரம் கழுவுவது, முகம் கழுவாமல் கோயிலுக்குப் போகிற மாதிரி. இருந்தாலும் சரி என்றேன். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று கண்ணால் பார்த்திருந்தேன். பெருங்காய டப்பா பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்துவிட்டு, அந்த டீ ரசம் மாதிரி ஆகிப்போனது. கருவாடு வறுக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டில் கடைக்கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம்.

அவர் சட்டத்துக்கு மேல் என் சட்டம் சிலது உண்டு.

தேயிலை போடும் முன்னால் கெண்டிக்குள் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுற்றிக் கொட்டிவிட வேண்டும். சாரல் காலத்தில் சில்லிட்டுக் கிடக்கிற பீங்கானில் ஒரேயடியாகக் கொதிதண்ணீர் விட்டால் விரிசல் விடும். அதோடு, சூடு கண்ட கெண்டியில்தான் சாறு ஒழுங்காக இறங்கும்.

கெண்டியின் மூக்குக்குள் கை போகாது. ஈர்க்குச்சியில் மெல்லிய மல் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பூஞ்சை வாசம் பிறக்கிற இடம் அதுதான்.

சீசனில் வெயிலைக் காண முடியாது. விறகடுப்புப் பக்கம் காயவைத்தால் புகை ஏறும். இரும்புச் சட்டியில் கரிக்கங்கு எடுத்துவைத்து, கொஞ்சம் தள்ளித் துணிமேல் கவிழ்த்துக் காயவைப்பேன். மூடியை ஒருநாளும் போட்டு வைக்கமாட்டேன். தனியாகத்தான் கிடக்கும். கெண்டி மூச்சுவிட வேண்டும்.

வெள்ளைக் கெண்டியும் மண் கெண்டியும் ஒன்றில்லை. பீங்கான் கழுவினதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மண் மறக்காது, குடித்ததை உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் மண் கெண்டியில் உச்சித் தேயிலை தவிர வேறு எதையும் விடமாட்டேன். ருசி பார்க்க எப்போதும் வெள்ளைக் கெண்டி.

அவர் ருசி பார்க்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒரு கரண்டி எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று காற்றோடு சேர்த்து இழுத்து, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிடுவார். "காசு குடுத்து வாங்கித் துப்புதான் பாரு" என்பார் மாமியார்.

அதற்குத் தண்ணீர்? குற்றாலத் தண்ணீர்தான். மேலகரத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் தினமும் காலையில் அருவித் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். மூலிகை மேலெல்லாம் விழுந்து வருகிற தண்ணீர், அதற்கு ஈடு உலகத்திலேயே கிடையாது என்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. அவர் மலையில் இருந்தபோதும் ஊற்றுத் தண்ணீர்தான். அந்த நாக்கு வேறு தண்ணீரை அறியாது.

திரும்பி வந்த டின்

தென்காசியிலும் குற்றாலத்திலும் அவர் கலவை பேர் வாங்கிவிட்டது. அருவியில் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன் ஒரு கிளாஸ் குடித்தால், கண்ணாடி வழியே மாணிக்கம் மாதிரித் தெரியும். பால் விட்டால் பொன். ஆனால் சீசன் முடிந்தால் குற்றாலம் காலி. வருஷம் பூராவும் கடை நடக்க வேண்டுமானால் கிழக்கே போக வேண்டும். ஆலங்குளத்து ரோட்டில் மாட்டுவண்டிக்காரர்களும் லாரிக்காரர்களும் நிற்கிற டீக்கடைகள். அங்கே போட்டார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஆலங்குளத்தில் செல்லையா என்று ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், ரோட்டோரம் பெரிய டீக்கடை வைத்திருந்தார். டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, குத்தஞ் சொல்லுதேன்னு நெனைக்காதிய. ஒங்க தேயில வாசல்லயே நிக்கு, உள்ள வர மாட்டங்கு. குடிச்சவன் எல்லாம், 'டீ போட்டியா, கிளாஸ அலசி ஊத்துனியா'ன்னு கேக்கான்."

அவர் அதே டின்னிலிருந்து எடுத்து, அருவித் தண்ணீரில் போட்டுக் கொடுத்தார். செல்லையா அண்ணாச்சி குடித்தார். முழித்தார்.

"இங்கன நல்லாத்தான் இருக்கு. அங்கன இப்படி இல்லையே."

"ஒம்ம ஆளுக்குப் போடத் தெரியல."

"நாந்தான் அண்ணாச்சி போடுதேன்."

அவருக்குப் பின்னால் மற்ற கடைக்காரர்களும் வரிசையாக டின்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "உப்புத் தண்ணி குடிச்சு ஒன் ஊர்க்காரனுக்கு நாக்கு மரத்துப் போச்சுட்டி. அவனுக்கு என்ன தெரியும் ருசி?"

அதுதான் எனக்குச் சுட்டது. எங்கள் ஊரில் தண்ணீர்தான் உப்பு, நாக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ருசி பார்த்தார். "என் கலவையில குத்தமில்ல" என்றார். ஆலையில் அவர் இடம் இன்னும் காலியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை போவதாகப் பதில் சொல்லிவிட்டார்.

மூத்தவள் அப்போது அவர் தோளில் உட்காராமல் சோறு சாப்பிடமாட்டாள்.

பருப்பு வேகாத வீடு

ஆலங்குளத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஆடியில் போகாமல் இருக்க முடியாது. அந்த வாரமே கொடை. அம்மாவுக்காக அவர் கலவையில் ஒரு பொட்டலம் எடுத்துப்போனேன். திருப்பி அனுப்பிய ஊரிலேயே ஒருத்தியாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டுமே என்ற வீம்பு.

நானே போட்டேன். பாத்திரத்தைச் சூடுகாட்டி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தேயிலை போட்டு மூடி, இறக்கி வடிகட்டினேன். ஒரு குறை கிடையாது.

அம்மா ஒரு வாய் குடித்தாள். "ஏட்டி, இதுல என்ன இருக்கு? வேட்டி அலசுன தண்ணி மாதிரி இருக்கு."

நானும் குடித்தேன். கலங்கல். மேலே எண்ணெய் சிந்தினது போல ஒரு மெல்லிய ஏடு. மணம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. செல்லையா அண்ணாச்சியும் சொல்லவில்லை.

அப்போது அடுப்பில் பருப்புக் கிடந்தது. காலையில் போட்ட பருப்பு, உச்சி வெயில் ஏறியும் முழித்துக்கொண்டு கிடக்கிறது. அம்மா ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டே, "இந்தச் சவத்துத் தண்ணியில பருப்பு எப்ப வெந்து, நான் எப்ப கொழம்பு வைக்க?" என்றாள்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

தென்காசியில் அதே பருப்பு கொதி வந்ததும் குழைகிறது. இங்கே அரை நாள் வேகிறது. இங்கே துணிக்குச் சோப்பு நுரைக்காது. கொதிக்கவைக்கிற பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை ஏறும். சின்ன வயசிலிருந்து தெரிந்த விஷயம்தான். பருப்பையே இளக விடாத தண்ணீர், அந்தப் பூப்போன்ற உச்சித் தேயிலையை எப்படி இறங்க விடும்?

"எம்மா, பெரிய கொடத்த எங்க?" என்றேன்.

ஒரே கெண்டி, இரண்டு தண்ணீர்

குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார், "கொடைக்குப் போனவ பொங்கப்பானை கொண்டாருவான்னு பாத்தா, கெணத்தையே தூக்கிட்டு வந்துட்டா" என்றார். பதில் சொல்லாமல் கடைக்குள் போனேன்.

"என்னது?" என்றார் அவர்.

"எங்க ஊருத் தண்ணி. இதுல ருசி பாருங்க."

"எதுக்கு? நல்ல தண்ணி இருக்கும்போது?"

"செல்லையா அண்ணாச்சி கடையில எந்தத் தண்ணி கொதிக்கி?"

அவர் குடத்தைப் பார்த்தார். நான் வெள்ளைக் கெண்டியை எடுத்துச் சூடுகாட்டினேன். முதலில் அருவித் தண்ணீர். கிண்ணத்தில் மாணிக்கம். பிறகு கெண்டியை அலசித் துடைத்து, அதே தேயிலை, அதே அளவு, உப்புத் தண்ணீர்.

இரண்டு கிண்ணமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சூரியன் விழுகிற சிற்றாறு. இன்னொன்று மாடு இறங்கின குட்டை. நான் எதிர்பார்த்துத்தான் செய்தேன், ஆனாலும் இத்தனை வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"கெண்டி சரியாக் கழுவலியோ?" என்றார்.

"யாரு, நானா? என் கெண்டியில அழுக்கா? மோந்து பாருங்க!"

முகர்ந்தார். கெண்டி மூக்குக்குள்ளும் முகர்ந்தார். ஒரு வாசமும் இல்லை. பீங்கான் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. குற்றம் சொல்ல வேறு யாரும் இல்லை, தண்ணீர்தான்.

'ஸ்ர்ர்ர்' என்று இழுத்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டார். முகம் சுருங்கியது. "செத்துப் போச்சே வடிவு" என்றார், யாரோ மனுஷனைச் சொல்வது போல.

அப்புறம் வெறி வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். நான் கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். உச்சி மலைச் சரக்கு எல்லாம் வரிசையாகத் தலை குனிந்தது. கடைசியில் மூலையில், வேறு சரக்கோடு வேண்டா விருந்தாளியாக வந்து சேர்ந்த ஒரு பெட்டி, கீழ்மலை டஸ்ட்டு. அவர் வாசல் பக்கமே அண்ட விடாதது.

"அதையும் போடுங்க" என்றேன்.

"அது மாட்டுக்கு..."

"எங்க ஊர்ல மாடும் இருக்கு. போடுங்க."

அருவித் தண்ணீரில் அது பட்டைக் கஷாயம் மாதிரிக் கசக்கும், நாக்கைப் பிடித்து இழுக்கும். உப்புத் தண்ணீரில் விட்டேன். கெண்டி மூக்கிலிருந்து இறங்கும்போதே நிறம் கருஞ்சிவப்பு. அவர் ஒரு கரண்டி இழுத்தார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி. கிண்ணத்தையே தூக்கிக் குடித்துவிட்டார்.

"காரம் அடங்கிப் போச்சு" என்றார். "மத்த எல்லாத்தயும் கொன்ன தண்ணி, இத வளத்து விடுதே!"

இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உயர்ந்தது என்று வைத்திருந்தது எல்லாம் சாய்ந்துவிட்டது. ஒதுக்கினது எழுந்து நிற்கிறது. இலை ஒன்றும் மாறவில்லை, கெண்டி மாறவில்லை, மனுஷன் மாறவில்லை. இத்தனை பெரிய காரியம் கண்ணுக்கே தெரியாத எதிலோ இருக்கிறதே என்று எனக்கு ஒரு நடுக்கம். அருவியை முதல் தடவை அடியில் நின்று பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அன்று பகல் முழுக்க அந்த டஸ்ட்டில் கொஞ்சம் குருணை சேர்ப்பதும், வாசத்துக்கு ஒரு சிட்டிகை உச்சித் தேயிலை சேர்ப்பதும், குடிப்பதுமாகப் போனது. குடம் காலி ஆனபோது ஒரு கலவை கையில் நின்றது.

"அப்பம் மலைக்கு?" என்று கேட்டேன்.

"நாக்கு என் நாக்கு வடிவு. குடிக்கப் போறது ஒன் ஊர்க்காரன்லா. அவன் வேண்டாம்னுட்டா நான் வெள்ளிக்கெழம போகத்தான் வேணும்."

செல்லையா அண்ணாச்சி சொன்னது

வியாழக்கிழமை இரண்டு பேருமே போனோம். கடைக்குப் பொம்பளை எதற்கு என்று மாமியார் கேட்டார். அம்மா வீட்டில் குடத்தைக் கொடுக்க வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதான்.

செல்லையா அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். "அண்ணாச்சி, மறுபடியுமா? நான் வேற எடத்துல சொல்லிட்டனே."

"வாங்க வேண்டாம். ஒரு தடவ போடும். ஒம்ம தண்ணியில, ஒம்ம கையால."

கடைக்குள் நாலைந்து வண்டிக்காரர்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். அண்ணாச்சி வேண்டாவெறுப்பாகத்தான் தூளை அள்ளித் துணி வடிகட்டியில் போட்டார். தவலையில் இருந்து கொதிதண்ணீரை எடுத்து ஊற்றினார். பாலை விட்டு, உயர்த்தித் தாழ்த்தி ஆற்றினார்.

கிளாஸில் விழுந்த நிறத்தைப் பார்த்ததும் அவர் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. கோயில் சுவருக்குப் பூசின காவி மாதிரி அழுத்தமான நிறம்.

குடித்தார். எங்களைப் பார்க்கவில்லை. வெளியே எட்டி, "ஏலே மாடசாமி, இங்க வா. இதக் குடிச்சிட்டுச் சொல்லு" என்றார்.

மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த மாடசாமி என்கிற அந்த வண்டிக்காரர் கயிற்றோடே வந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஒடம்பு நல்லாருக்கா ஒமக்கு? ஒழுங்கா டீ போட்டுருக்கேரு! இன்னொண்ணு ஊத்தும்."

கடை சிரித்தது. செல்லையா அண்ணாச்சியும் சிரித்தார். மாடசாமிக்கு ஊற்றிவிட்டு இன்னொரு கிளாஸ் ஆற்றி, அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"அவளுக்குக் குடும் மொதல்ல" என்றார்.

அந்தக் காலத்தில் பொம்பளை ரோட்டில் நின்று டீ குடிக்கிற வழக்கம் கிடையாது. நான் போய் வாங்கினேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே, ஊதி ஊதிக் குடித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அப்படி ஒரு ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"சரி அண்ணாச்சி, இந்தச் சரக்கு எனக்குக் கட்டாயம் வேணும். மத்த கடைக்காரங்கிட்டயும் நான் சொல்லுதேன். ஆனா ஒங்க தென்காசிக் கலவைய இதுல கலந்துராதிய" என்றார் செல்லையா அண்ணாச்சி. "அடுத்த டின் எப்பம் வரும்? யாரு கொண்டாருவா?"

நான் கிளாஸைக் கையில் பிடித்தபடியே நின்றேன். குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர் மேற்கே பார்த்தார். சாரல் விலகி மலை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மாசம் பொறந்த ஒடனே வரும். நான்தான் கொண்டாருவேன். இனிமே மாசா மாசம் நான்தான்."